நாற்பது எண்ணும்வரை

செக்கானூரணி – திருமங்கலம் ரோட்டில்
எங்கள் ஊர் முடிந்ததும் ஓடைப் பாலம்.
பாலத்துக்கு அடுத்து ஒரு பள்ளம்.
ஐப்பசி மழையில் பிறந்தது,
தையில் என் முன்சக்கர ரிம்மைக் கடித்தது.
பெண்டு எடுக்க இருநூற்றைம்பது,
முழங்காலுக்குத் தனி.

வண்டியின் முகப்பு விளக்கோ
பத்தியம் கிடக்கிறவன் மாதிரி.
முறுக்கினால் கண் திறக்கும்,
விட்டால் சொக்கும்.
கப்பலூரில் ஆறு மணி ஷிப்ட்.
ஐந்தே கால் இருட்டில்
பள்ளத்தில் இறங்கிய பிறகுதான்
பள்ளத்தைக் காட்டும்.

பெரியார் நிலையத்துக்குப் பின்சந்தில்
செய்யது கடை.
எல்இடி, ஜோடி நானூற்றிருபது என்றார்.
"கியாரண்டி?"
"கடைய விட்டு எறங்குற வரைக்கும்."
முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது.
ரிலே, ப்யூஸ், ஸ்விட்ச்,
சிவப்பில் இரண்டு மீட்டர், கறுப்பில் ஒன்று.
மிச்சச் சில்லறைக்கு ஒரு பருத்திப்பால்.

ஞாயிற்றுக்கிழமை டேங்கைக் கழற்றினேன்.
முப்பது பேட்டரிக்கு,
எண்பத்தைந்து பாடிக்கு,
எண்பத்தாறு ஸ்விட்சுக்கு,
எண்பத்தேழு விளக்குக்கு.
ஒச்சப்பன் பீடிக்கட்டு அட்டையில் எழுதித் தந்தது.
கம்பெனியில் அவன் எலக்ட்ரீசியன்,
வீட்டில் பல்பு மாற்றுவது அவன் பெண்டாட்டி.
முதல் தடவை ப்யூஸ் போனது.
இரண்டாம் தடவை ஹாரன் அடித்தால் விளக்கு எரிந்தது.
டார்ச் பிடித்திருந்த விருமாயி சிரித்ததில்
வெளிச்சம் குலுங்கி
நட்டு ஒன்று மண்ணில் தொலைந்தது.
மூன்றாம் தடவை
எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு அடித்து மறைத்த
தேர்தல் சின்னம் எழுந்து வந்தது.
யார் வீட்டுச் சேவலோ
நம்பிக் கூவியும் விட்டது.

எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கக் கூடாதே.
சுவரில் கரிக்கோடு இழுத்து
கோட்டுக்குக் கீழே வெளிச்சம் நிற்கிற மாதிரி
இரண்டு விளக்கையும் தலைகுனிய வைத்து இறுக்கினேன்.
செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று
என்றுதான் நினைத்தேன்.

திங்கள். ஐந்தே கால்.
அறுபதடிக்கு முன்னாலேயே தெரிந்தது பள்ளம்,
உள்ளே கிடந்த பாக்கு உறையின் பெயர் வரைக்கும்.
விசிலடிக்க உதட்டைக் குவித்தேன்.
அப்போதுதான் ரோட்டோரம்
ஆவாரஞ்செடிகளுக்கு இடையில்
ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி.
ஆறு பேர், ஏழு பேர்,
சேலையைத் தழைய விட்டு
முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு.
நிறைமாதக்காரி ஒருத்தியால் எழ முடியவில்லை.
பக்கத்தில் நின்றவள்
முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

பதினோரு வருசம் இதே ரோடு.
தெரியாதா என்றால், தெரியும்.
பார்த்ததில்லை.
பழைய விளக்குக்கும் எழுந்துதான் நின்றிருப்பார்கள்.

வியாழக்கிழமை விருமாயி
ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:
"எவனோ வண்டியில சூரியனக் கட்டிக்கிட்டு வாறானாம்.
கியூவுல பேசிக்கிட்டாளுக."
நிமிரவில்லை.
"நமக்குக் கக்கூசு கட்டி மூணு வருசந்தான் ஆகுது."
அதற்கு மேல் பேச்சில்லை.
கல் மட்டும் தட்டில் விழுந்தது.

சீட்டுக்கடியில் இருந்த ஸ்விட்சை
இடது கட்டைவிரலுக்கு எட்டும்படி மாற்றினேன்.
பாலம் வந்ததும் ஒரு தட்டு.
முகப்பு விளக்கையும் தாழ்த்திவிட்டு
மெதுவாக நாற்பது எண்ணுவேன்.
வலதில் ஒதுங்கினால் மணல் லாரி,
இடதில் ஒதுங்கினால் அவர்கள்.
பதினேழில் வரும்
பள்ளம்.
இடுப்பு வரை ஒரு இடி.
பதினெட்டு,
பத்தொன்பது.